மூல காரணம்: ஆபரேட்டர்

ஓசூரில் ஒய்-ஒய் அக்காவிடம் காரணம் சொல்லித் தப்பித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. தண்ணி லாரிக்காரர் தப்பித்ததில்லை, வீட்டு ஓனர் தப்பித்ததில்லை, பெண் பார்க்க வந்து பாதி பஜ்ஜியோடு எழுந்து ஓடிய இரண்டு மாப்பிள்ளைகளும் தப்பித்ததில்லை.

அக்கா எனக்குப் பக்கத்து போர்ஷன். நாற்பதை நெருங்குகிற வயது, தனிக்கட்டை. வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அங்கே ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஐந்து தடவை ‘ஒய்’, அதாவது ‘ஏன்’ என்று கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டுமாம். கம்பெனியில் கேட்டு மீந்ததையெல்லாம் அக்கா வெளியே வந்து கேட்பார். “பஸ் ஏன் லேட்டு?” என்று ஆரம்பித்தால், ஐந்தாவது கேள்வியில் கண்டக்டர் தன் மாமனாரோடு போட்ட சண்டை வெளியே வந்திருக்கும்.

இந்த மனுஷியிடம்தான் என் மகள் மாட்டினாள். ஒன்றரை வயது. மணிக்கொரு தரம் தாய்ப்பால். இட்லியைக் கண்டால் அழுகை, பருப்புச் சோற்றைக் கண்டால் ஓட்டம். மசித்த கேரட் என் மூஞ்சிக்கே திரும்பி வந்தது. வேண்டாம் என்பதற்கு ஓனரம்மா சொல்லும் ‘பேட’ என்கிற ஒரே ஒரு கன்னடச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, நாளெல்லாம் “பேட, பேட” என்று தலையை ஆட்டுவாள். சம்பளமில்லாமல் நீட்டி வாங்கிய லீவும் தீர்ந்து, திங்கட்கிழமை நான் அசெம்பிளி லைனில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவோ, “சாப்புடற புள்ளைன்னா வுட்டுட்டுப் போ. பாலு கேட்டு அழுவற புள்ளைய என்னால ஆவாது” என்று கையை விரித்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அக்கா நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிஃப்ட். காலை முழுக்க என் வீடுதான். முதல் நாள் குற்றவாளி சோறு. “டெம்பரேச்சர் ஜாஸ்தி.” இரண்டாம் நாள் ஸ்பூன். பையிலிருந்து கம்பெனியில் பீஸை அளக்கிற வெர்னியரை எடுத்து ஸ்பூனின் முனையை அளந்தார். ஆத்திரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. என் மகளும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் என் முறை வந்தது.

“பாப்பா ஏன் சாப்புடல?” என்றார்.

“பசிக்கலக்கா.”

“ஏன் பசிக்கல?”

“இப்பத்தான் பால் குடிச்சா.”

“சோத்து நேரத்துல ஏன் குடுத்த?”

“அழுதா.”

“அழுதா ஒடனே ஏன் குடுக்கற?”

“என்னால தாங்க முடியல.”

“ஏன் தாங்க முடியல?”

திங்கட்கிழமை விட்டுவிட்டுப் போகப்போகிறேனே, இருக்கிற நாலு நாளாவது என்னிடம் ஒட்டிக்கொண்டு கிடக்கட்டுமே என்பதுதான் பதில். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். ‘மூல காரணம்: ஆபரேட்டர்.’ மெஷினை ஓட்டுகிற ஆள், அதாவது நான்.

“ஆமா, நான்தான் டிஃபெக்ட்! ஒரு புள்ளையப் பெத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்கா பேனாவை மூடினார். எதுவும் கேட்காமல் எழுந்து போய்விட்டார். அன்று முழுக்க என்னை நானே திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் பாப்பா எழுந்ததும் பால் கொடுத்ததோடு சரி. அக்கா சொன்னது நிஜம் என்று எனக்கும் தெரியும்தானே. பதினொரு மணிக்கு அவள் என் நைட்டியைப் பிடித்து இழுத்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஷிஃப்டுக்குக் கிளம்பிய யூனிஃபார்மோடு, கையில் தட்டோடு அக்கா உள்ளே வந்தார். ராகிக் களி, கீரைக் கடைசல்.

“எங்கூட்டு ஃபேன் சுத்தல” என்று சொல்லி, பாப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவர் வீட்டு ஃபேன் கடகடவென்று சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பாப்பாவின் அழுகை நின்றது. மெல்ல நகர்ந்து போய் அக்காவின் களியில் ஒரு விரலை விட்டாள். நக்கினாள். நான் பதறி எழுந்தேன். அக்கா திரும்பாமலே இடக்கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். இரண்டு விரல் போனது, அப்புறம் முழுக் கையும் போனது. தலையில் களி, தரையில் கீரை, அந்த யூனிஃபார்மில் இரண்டும். வயிற்றுக்குள்ளும் ஐந்தாறு வாய் போனது. மூன்று நாளாக நான் குரங்கு வித்தை காட்டியும் திறக்காத வாய்! எனக்கு எரிச்சலிலேயே அழுகை வந்துவிட்டது.

“அக்கா, நேத்து நான்...”

“கீரை காலி. எங்கூட்டுல இருக்குது, போயி எடுத்துக்கினு வா” என்று வெட்டினார். நான் எழுந்ததும், “காலைல குடு, வேல முடிஞ்சு வந்ததும் குடு, படுக்கறப்ப குடு. உங்கிட்டயிருந்து யாரும் புள்ளையப் புடுங்கல” என்றார்.

திங்கட்கிழமை பாப்பாவை ஆயாம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த வருஷம் அக்காவுக்கு வேறு மாநில பிளான்ட்டுக்கு மாற்றலாகிவிட்டது. பாப்பா இப்போதும் தன் தட்டை விட்டுவிட்டு அடுத்தவர் தட்டில்தான் கை வைக்கிறாள். விருந்துக்குப் போன இடத்தில் மானம் போகிறது. இந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததற்காக ஞாயிறு தவறாமல் அக்காவுக்கு போன் போட்டுத் திட்டுகிறேன். ஒரு வாரம் அவர் போனை எடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.