முப்பத்தேழாவது டிரம்

முப்பத்தேழாவது எண்ணெய் டிரம் எந்த வரிசையிலும் சேரவில்லை. நாலு வரிசை போட்டால் ஒன்று மிச்சம். ஆறு போட்டாலும் அதே ஒன்று. ஐந்து போட்டால் இரண்டு.

கிடங்கு சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. காலையில் முதலாளி போனில் சொன்னது இவ்வளவுதான்: "அங்க இருக்கறதையெல்லாம் சமமான வரிசையா நிறுத்து. ஒத்தை வரிசை வேணாம், போட்டோவுல அடங்காது. ஒண்ணுகூட நீட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. பதினோரு மணிக்கு வர்றேன். சரியா இருந்தா இன்னிக்கே உன் வேலை நிரந்தரம்."

ஒன்பது வருடத் தற்காலிகம். டிரம்மை அவரே உருட்டினார்.

"எத்தனை தடவை உருட்டினாலும் வராதுண்ணே," என்றாள் கணக்குக்காரி. அவளும் சுமை தூக்குகிறவள்தான். தபால் வழியில் கணிதப் பட்டத்துக்குப் படிப்பதால் அந்தப் பெயர். "முப்பத்தேழு பகா எண். அதை மிச்சமில்லாம வகுக்கறது ரெண்டே ரெண்டு. ஒண்ணும், அதுவும்."

"அப்ப ஒண்ணைக் கக்கூசுக்குப் பின்னால தள்ளு."

முப்பத்தாறு ஆனது. தொல்லை தீரவில்லை, பெருகியது.

"நாலுக்கு மூணு காரணி. ஒன்பதுக்கும் மூணு. ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணைத் தவிர எதுவும் இல்ல, அதனால மூணை மூணால பெருக்கிக்கலாம். முப்பத்தாறுக்கு ஒன்பது காரணி. ஒத்தை வரிசையையும் சேத்தா ஒன்பது விதமா நிறுத்தலாம்ணே."

ஒன்பது விதத்துக்கும் ஆள் சேர்ந்தது. மூன்று விதம் உருட்டிப் பார்ப்பதற்குள் ஒருவனுக்குக் கட்டைவிரல் நசுங்கியது, இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

சூப்பர்வைசருக்கும் கணக்கு தொற்றிக்கொண்டது. "ஆறாறு முப்பத்தாறு. ஆறுக்கு நாலு காரணி. நாநாலு பதினாறு. பாக்கி ஏழு விதம் எங்க?"

"ஆறும் ஆறும் ஒரே ரத்தம்ணே, காரணியெல்லாம் பொது. அப்படிப் பெருக்கக் கூடாது."

அவர் கேட்கவில்லை. அந்த ஏழு விதத்தைத் தேடியதில் அரை மணி நேரம் போயிற்று.

கடைசியில் ஆறுக்கு ஆறு. நூல் பிடித்த மாதிரி நின்றது. சுற்றிலும் ஆட்கள்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாகச் சாய்ந்துகிடந்தார்கள்.

"போட்டோவுல அசிங்கமா விழுவீங்க. நீங்க எத்தனை பேரு?"

"இருபத்து மூணு. நாங்களும் பகா எண்தான்."

"உங்களையும் அடுக்க முடியாதா?"

"முடியாதுண்ணே."

"அப்ப எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புங்க."

பதினோரு மணிக்கு முதலாளி போட்டோக்காரரோடு வந்து இறங்கினார். வாசலில் நின்று கிடங்கை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யோவ், எங்கய்யா எல்லாம்?"

"இதோ ஐயா. ஆறுக்கு ஆறு. ஒண்ணுகூட நீட்டல."

முதலாளி திரும்பிக் காருக்கு நடந்தார். கதவைத் திறந்துவிட்ட டிரைவர், சூப்பர்வைசர் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அண்ணே, அவர் நிறுத்தச் சொன்னது டிரம்மை இல்ல, நம்ம ஆளுங்களை."