பூஜ்யம் ஜூல்

"ஏனுங்க, செவுத்தைத் தள்ளுனா அது வேலையே இல்லீங்களா?" வினிதாவின் பேனா நின்றுவிட்டது.

"செவுரு நகரலையே புள்ள! விசையைத் தூரத்தால பெருக்கோணும். நகராட்டி பூஜ்யம்" என்றார் மகுடேஸ்வரன்.

அவர் கட்டிங் மாஸ்டர். ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய பி.எஸ்சி. இயற்பியல். வேலை பார்த்த பனியன் கம்பெனியைப் பூட்டி இரண்டு மாதமாகிறது. அன்றிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரை, "பத்தாவது பாஸானா சூப்பர்வைசர் ஆக்கறாங்களாமுங்க. சயின்ஸ்ல எனக்கு ஒண்ணுந் தெரியாது, சொல்லிக் குடுங்க" என்று இழுத்து உட்கார வைத்திருந்தாள் மனைவி.

"அப்ப நாள் பூரா நின்ன எடத்துல பீஸ் செக் பண்றனே?"

"பூஜ்யம் நியூட்டன்."

"ஜூல் இல்லீங்களா?"

"ஆங்... ஜூல்தான்." ஏதோ குருட்டாம்போக்கில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் முகம் வாடியதைக் கண்டு சமாளிக்கப் பார்த்தார். "பண்டலைத் தூக்கி மேசை மேல வெக்கறியல்ல, அது வேலை."

"எறக்கி வெச்சா?"

"அது மைனஸ்."

"தலையில வெச்சுட்டு நடந்தா?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். பி.எஸ்சி. விடவில்லை. "அதும் பூஜ்யம்தான். மொத்தமாக் கூட்டிக் கழிச்சா..." விரல்விட்டு எண்ணிச் சிரித்தார். "நீ செய்யறது ஒண்ணுமே இல்ல புள்ள!"

வினிதா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

"அந்த ஒண்ணுமில்லாததுலதானுங்க இப்ப அடுப்பு எரியுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பாடத்துக்கு உட்காரவில்லை. அதற்கடுத்த நாளும். மகுடேஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. சே, என்ன திமிர் எனக்கு! என்னால் இவள் பத்தாவது தேறாமல் போய்விட்டால்? வாய்க்கொழுப்பை நினைத்து நினைத்துக் குமைந்தார்.

மூன்றாம் நாள் டீ டைமுக்கு, அவளுக்குப் பிடித்த தேங்காய் பன்னோடு அவள் கம்பெனி கேட்டில் போய் நின்றார். அவளோடு செக்கிங் பார்க்கும் கமலாம்பாள்தான் வெளியே வந்தாள்.

"வினிதாகிட்டச் சொல்லுங்க, நான் பேசுனது தப்புன்னு. புஸ்தகத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்க. எப்பிடியும் பாஸ் பண்ண வெச்சுடறேன்."

கமலாம்பாள் பன்னை வாங்கிக்கொண்டு விழித்தாள்.

"ஏனுங்கண்ணா, எங்ககூடச் சோத்து நேரத்துல படிச்சுப் பரீச்சை எழுதி, அவ பத்தாவது பாஸாயி ரெண்டு மாசமாச்சுங்களே! ரிசல்ட் வந்த அன்னிக்குத்தான் உங்க கம்பெனியைப் பூட்டுனாங்களாமா. மனுசனுக்கு ஏதாச்சும் ஒரு வேலை குடுக்கோணும்னுதானுங்க அந்தப் பழைய புஸ்தகத்தைத் திரும்ப எடுத்தா."