மகாராணி தாண்டிய சுவர்

“இன்னொரு தடவை உங்க மாடு என் தீவனத்துல வாய் வெச்சா, என் பட்டியிலயே கட்டிப் போட்டுக்குவேன். அப்புறம் பாலும் எனக்குத்தான்.”

பக்கத்துப் பண்ணைக்காரர் சொல்லிவிட்டுப் போனதும் பால்காரர் மகாராணியைத் தன் பக்கம் ஓட்டி வந்தார். இருக்கிற மாடுகளில் அதிகம் கறப்பது மகாராணிதான். இரண்டு பட்டிகளுக்கும் நடுவே நின்ற பழைய சுவரோ ஊதினால் விழும்.

“கான்கிரீட் பலகை போட்டுடுங்கப்பா,” என்றாள் மகள். “தூணை நட்டு, அதோட பக்கத்துல இருக்கிற பள்ளத்துல பலகையை மேலேருந்து இறக்கினா போதும். பூச்சு வேலைகூட கிடையாது.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“விசாரிச்சேன்.”

மகளின் பொறுப்பைக் கண்டு அவர் பூரித்துப் போனார். பலகை மேஸ்திரி இரண்டே நாளில் நாலு பலகை உயரத்துக்குச் சுவரை எழுப்பிவிட்டு, பட்டியின் பின்பக்கம் வேலையைத் தொடங்கினார்.

மறுநாள் மதியம், சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்தால் மகாராணி பக்கத்துப் பட்டியில் நின்று அசைபோடுகிறது.

“தாண்டியிருக்கும்,” என்றாள் மனைவி.

“அந்த உடம்பை வெச்சுக்கிட்டா?”

“நீங்க போனா சண்டை வரும்ப்பா. நான் பேசி ஓட்டிட்டு வரேன்.” மகள் தலையைப் பின்னிக்கொண்டு கிளம்பினாள். திரும்ப முக்கால் மணி நேரமானது. எப்படியோ மன்னிப்பும் வாங்கி வந்திருந்தாள்.

ஐந்தாவது பலகை ஏறியது. மகாராணி அதையும் தாண்டியது. மகள் மறுபடி தலை பின்னினாள்.

பட்டி வாசல் கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்கினார். எழுந்து பார்த்தால் பூட்டு இங்கே, மாடு அங்கே.

இந்த முறை பண்ணைக்காரரே கயிற்றோடு வந்துவிட்டார். “உங்க பொண்ணு முகத்துக்காக ரெண்டு தடவை விட்டேன். இனி மாடு எனக்கு.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க.” பால்காரர் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “மேஸ்திரி, ஆறாவது பலகையை ஏத்துங்க. எவ்வளவு உயரம் தாண்டுதுன்னு பார்த்துடலாம்.”

மேஸ்திரி தலைத்துண்டை உதறியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆறாவது வேண்டாங்கய்யா. இந்த அஞ்சையும் தினம் கழட்டி மாட்டவே, இந்தப் பக்கம் உங்க பொண்ணுக்கும் அந்தப் பக்கம் இவர் பையனுக்கும் இடுப்பு ஒடியுது.”