படுக்கையறையில் ஆடு இருந்த வீட்டை இடித்தது தொடர்பாக

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் நலமாகவே இருப்பீர்கள், இந்தக் கடிதத்தின் மூன்றாவது பத்தி வரைக்குமாவது. போனில் சொல்லலாமே என்பீர்கள். நம் இருவருக்கும் போனில் என்ன பேச வரும் என்பது ஊரறிந்த விஷயம். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா, நீங்க?" "ஆச்சு." அதற்குப் பிறகு ஒருவர் மூச்சு விடுவதை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம், பிறகு ஆளுக்கொரு பக்கம் போனை மனைவியிடம் நீட்டிவிடுவோம். அந்த இடைவெளியில் சொல்லி முடிக்கிற சமாசாரம் இல்லை இது.

போன தடவை வந்தபோது உங்கள் பழைய கணினியை என் மேஜையில் வைத்து, அந்த விளையாட்டைக் காட்டி, "மாமா, நல்லதா ஒரு உலகம் பாத்து வைங்க, ஞாயித்துக்கெழமைல நீங்க இங்கேருந்து நான் அங்கேருந்து சேந்து வெளையாடலாம்" என்றீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. வெறுங்கையோடு ஓர் இடத்தில் இறங்க வேண்டும், மரம் வெட்டி, கல் உடைத்து, இருட்டுவதற்குள் தலைக்கு மேல் ஒரு கூரை போட்டுக்கொள்ள வேண்டும், இருட்டினால் பிசாசுகள் வரும், அவ்வளவுதான் விளையாட்டு என்று விளக்கினீர்கள். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கென்று ஓர் உலகம் வரும் என்றும் சொன்னீர்கள். வீடு கட்ட அனுமதி கொடுக்குமுன் மனையை நேரில் போய்ப் பார்த்து வருவதுதான் நான் உத்தியோகத்தில் செய்த ஒரே வேலை. ஓய்வு பெற்ற பிறகு என்னை நம்பி இடம் பார்க்கச் சொன்ன ஒரே மனிதர் நீங்கள். நான் சும்மா இருப்பேனா?

என் ஓய்வூதிய எண்ணைக் கொடுத்தேன்; கண்ணுக்கெட்டியவரை பாலைவனம் வந்தது, அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. பழைய ஸ்கூட்டரின் எண்ணுக்குச் சதுப்பு நிலம் வந்தது. மழைத் தண்ணீர் வடிய வழியில்லை, நிராகரித்தேன். அலுவலகத் தொலைபேசி எண்ணுக்கு நடுக்கடலில் ஒற்றை மரத்தோடு ஒரு தீவு வந்தது. அந்த எண்ணில் யாரையுமே பிடிக்க முடியவில்லை என்று பொதுமக்கள் புலம்பியது சரிதான் என்று பட்டது, அதையும் நிராகரித்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் போன் எண்ணுக்கு மட்டும் ஆறும் புல்வெளியுமாக அருமையான இடம் வந்தது. வயிற்றெரிச்சலில் அதையும் நிராகரித்தேன். உங்கள் அத்தை தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "வெளையாட்டுல கூடவாங்க சாக்கடை எந்தப் பக்கம் போகுதுன்னு பாப்பீங்க?" என்றாள். "மாப்பிள்ளை நம்பிக் குடுத்த பொறுப்பு, வெளையாட்டு இல்ல" என்றேன். நிராகரித்ததை வைத்துக்கொண்டிருப்பது என் வழக்கம் இல்லையாதலால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். அந்த வேகத்தில்தான், வரிசையின் அடியில் 'வீடு' என்ற பெயரில் ஓர் உலகம் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்தேன்.

உள்ளே போனேன். மலைச்சரிவில் ஒரு வீடு. அணுகு சாலை கிடையாது. கூரையை ஒட்டி அருவி கொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் நேராகச் சுவரில் போய் முட்டுகிறது, மாடியே இல்லை. படுக்கையறையில் இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஓர் ஆடு நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. வீடு எப்படிக் கட்டக் கூடாது என்று காட்டுவதற்காக விளையாட்டுக் கம்பெனிக்காரர்களே வைத்த மாதிரி வீடு என்று நினைத்துவிட்டேன், மாப்பிள்ளை. அழி என்ற பொத்தானை அழுத்தினேன். "நிச்சயமாகவா? இதைத் திரும்பப் பெற முடியாது" என்று கணினி கேட்டது. என் சர்வீஸில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் கர்வத்தோடுதான் ஆமாம் என்று அழுத்தினேன்.

அன்றைக்கே மகள் போன் செய்தபோது இதை ஒரு நகைச்சுவையாக அவளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த வீட்டுக்குள்ள ஒரு ஆடு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. படுக்கையறையில. அதுவே ஒரு விதிமீறல்."

அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். கல்யாணமான புதிதில் உங்களுக்கு ஓர் ஊரிலும் அவளுக்கு ஓர் ஊரிலும் வேலை. சாயங்காலம் ஆனால் இருவரும் ஆபீஸிலிருந்து திரும்பி அந்த வீட்டுக்குத்தான் வருவீர்களாம். "அங்கதான்பா நாங்க குடித்தனம் பண்ணோம். மாடி கட்டிட்டு இருந்தப்பதான் இவருக்கு மாத்தல் கெடச்சுது. அப்புறம் மாடி எதுக்கு, அப்படியே விட்டுட்டோம்." சொல்லிவிட்டு, "நான் அவர்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை. இதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இந்த வார்த்தையில்தான் வந்து நிற்கிறது. மகள் குடித்தனம் செய்த வீட்டுக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்து, மூலைக்கு மூலை குறை சொல்லி, இடித்துப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். என்னோடு சேர்ந்து உட்கார வேண்டும் என்று நீங்கள் ஆசையாகக் கூப்பிட்டதற்கு நான் செய்த மரியாதை இது. இனி உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. உங்கள் அத்தை என்னோடு பேசுவதே இல்லை. பேசினாலும், "ஆட்டையாவது வெளில விட்டிருக்கலாம்ல" என்கிறாள். கணினியைத் துணி போட்டு மூடிவிட்டேன். இந்தக் கையால் இனி அதைத் தொட மாட்டேன், இது சத்தியம். ஞாயிற்றுக்கிழமை என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்களும் மகளும் இனிமேல் கட்டுகிற வீடெல்லாம் என் கண்ணில் படாமல் நீண்ட காலம் நிலைத்து நிற்கட்டும்.

தலைகுனிந்தபடி,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் மறுபடி அழைத்தாள். அந்த உலகத்துக்கு நீங்கள் கொடுத்திருந்த அதே எண்ணைக் கொடுத்தால் நிலம் மட்டும் அப்படியே வரும், வீடு வராது என்றாள். எண் உங்கள் கல்யாணத் தேதியாம். ஆகையால் சத்தியத்தைப் பொருட்படுத்த வேண்டாம், துணியை எடுத்துவிட்டேன். அதே மலை, அதே அருவி, வீடு இருந்த இடத்தில் வெறும் புல். முதலில் நல்ல அணுகு சாலையாக ஒன்று போட்டு வைத்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று வேலையில் இறங்கினேன். சாலைக்கு மட்டம் பார்த்துக்கொண்டே நின்றதில் பொழுது சாய்ந்ததைக் கவனிக்கவில்லை, பிசாசுகள் வந்துவிட்டன. ஓடினேன். சரிவா, வடிகாலா, ஒன்றும் பார்க்கவில்லை. கையாலேயே மலையைத் தோண்டி உள்ளே புகுந்து, மண்ணை வைத்து வாசலை அடைத்துக்கொண்டேன். ஜன்னல் இல்லை, வெளிச்சம் இல்லை, யாராவது அனுமதி கேட்டு வந்திருந்தால் விரட்டியடித்திருப்பேன். இதை எழுதும்போதும் அதற்குள்தான் நிற்கிறேன். வெளியே யாரோ முனகுகிறார்கள். எந்தப் பக்கத்தை அடைத்தேன் என்பது மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சீக்கிரமாக வாருங்கள், மாப்பிள்ளை.