கடைசி ஆட்டத்துக் கோட்டு

திரை தூக்க அரை மணி நேரம் இருக்கும்போது ஹீரோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. நாடகக் குழுவின் மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். பார்வை போய் நின்ற இடத்தில் 'வசனம்' நின்றுகொண்டிருந்தார்.

வசனம் என்பது குழுவினர் அவருக்கு வைத்த பெயர். பக்கத்திரைக்குப் பின்னால் நெடுநெடு உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்று, நடிகர்கள் மறந்ததை எடுத்துக்கொடுப்பது வேலை. ஹீரோவின் நீதிபதி வேஷம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சொந்த மகனுக்கே தண்டனை கொடுக்கும் அந்தக் கடைசிப் பேச்சைக் காலையில் சவரம் செய்துகொண்டே பேசுவார். உணர்ச்சி பொங்கும் இடத்தில் தாடையில் ஒரு கீறல் விழும்.

"தீர்ப்பு முடிஞ்சா வெளிய வாங்க, நான் குளிக்கணும்," என்பாள் மனைவி.

மேடையில் அவர் ஏறியது ஒரே தடவை. இளவயதில், தபால்காரர் வேஷம், ஒரே ஒரு வரி. அதையும் மறந்து நின்றபோது கிளம்பிய சிரிப்பில் திரைக்குப் பின்னால் போனவர்தான். சரியான சமயம் வரட்டும், வரட்டும் என்று சொல்லியே தலை நரைத்துவிட்டது. இந்த நாடகத்துக்கோ இன்றோடு கடைசி.

"நீதான்யா போகணும்," என்றார் மேனேஜர். "உன்னை விட்டா யாருக்கு முழுசும் தெரியும்?"

சுடுதண்ணீரும் கையுமாக உட்கார்ந்திருந்த ஹீரோ ஆமாம் ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினார். வசனத்தை ஆசை ஒரு பக்கம் இழுத்தது. தபால்காரர் மறுபக்கம் இழுத்தார். தபால்காரருக்குத்தான் பலம் அதிகம்.

"எனக்கும் தொண்டை கட்டியிருக்கு சார்," என்றார், அவசரமாகக் குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு.

மேனேஜர் நம்பாமல் உப்புத் தண்ணீர் வரவழைத்தார். வசனம் ஒரு சொம்பு முழுக்கக் கொப்பளித்துவிட்டு முன்னைவிட மோசமாகக் கரகரத்தார். வேறு வழியில்லாமல் மேனேஜரே, கடைசி ஆட்டத்துக்கென்று தைத்த நீதிபதியின் புதுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவரும் ஹீரோவும் கிட்டத்தட்ட ஒரே உருவம். குட்டை, குண்டு. அப்படியும் கோட்டின் கை விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது; வயிற்றில் பொத்தான் எட்டவே இல்லை. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தைத்தாய் என்று டெய்லரிடம் பாய்ந்தார். டெய்லர் கோட்டுக் கையை மடித்து ஊசி குத்தினார். அந்த ஒப்பனை அறையில் எதுதான் ஒழுங்காக நடந்தது? போன மாதம் ஆணியில் மாட்டிய வசனத்தின் சட்டையே காணாமல் போய், ஒரு வாரம் கழித்துத் தானாகத் திரும்பி வந்தது.

திரை தூக்கினார்கள். மேனேஜருக்கு ஒரு வரிகூடத் தெரியாது. எடுத்துக்கொடுக்க வேண்டியவருக்கோ தொண்டை கட்டியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். வசனம் ஈனசுரத்தில் முனகினார். காதில் விழாத நீதிபதி ஓர் அடி தள்ளி வந்தார், இன்னும் ஓர் அடி வந்தார், கடைசியில் பக்கத்திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசாரணை நடத்தினார். குற்றவாளி மகனும் அவனைப் பிடித்திருந்த போலீஸ்காரரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். முக்கால் மேடை காலியாகக் கிடந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வசனத்துக்கு அந்தச் சிரிப்பை நன்றாகத் தெரியும்.

கடைசிப் பேச்சு வந்தது. அதையும் சிரிப்புக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கரகரப்பை மறந்தார்.

"நான் பெற்ற பிள்ளை என்பதற்காக ஒரு நாள் குறைக்கவும் மாட்டேன், கூட்டவும் மாட்டேன்," என்று திரைக்குப் பின்னாலிருந்து முழுக் குரலில் தொடங்கினார். மேனேஜர் வாயை மட்டும் அசைத்தார். சிரிப்பு அடங்கியது. யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரை விழுந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. மேனேஜர் கோட்டுக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் போய்ப் போய்க் கும்பிட்டார்.

வசனம் இருட்டில் நின்று கேட்டார். அத்தனையும் தன்னுடையது. நாலு எட்டு முன்னால் வைத்திருந்தால் கைக்கு வந்திருக்கும். அந்த நாலு எட்டைத்தான் இத்தனை வருஷமாக வைக்கவில்லை. இனி வைக்க நாடகமும் இல்லை. இந்தத் தடவை தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.

"தொண்டை திறந்துக்கிச்சு போல," என்று மட்டும் சொல்லிவிட்டு மேனேஜர் கோட்டைக் கழற்றிப் போட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஹீரோ எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்.

டெய்லர் கோட்டுக் கையின் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தன்னைப்போலவே தோற்ற இன்னொரு ஆள் என்று வசனத்துக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. "விடுங்க, அளவு தப்பறது எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றார்.

டெய்லர் கோட்டை உதறி அவர் தோளில் வைத்துப் பார்த்தார்.

"அளவு தப்பல சார். போன மாசம் ஹீரோ சார்தான் உங்க சட்டையைக் கொண்டாந்து குடுத்து, இந்த அளவுக்குத் தை, கடைசி ஆட்டம் வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு."