திகில் பாய் எடுத்த கல்யாணம்

காரைக்காலில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் எத்தனையோ பேர் உண்டு. மணப்பெண்ணையே நடுங்க வைத்தவர் திகில் பாய் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகமே.

பாய்க்குத் திகில் படம் என்றால் உயிர். தயாரிப்பாளர் யாரும் சிக்காததால், கிடைத்ததையெல்லாம் திகிலாக எடுத்துத் தள்ளினார். திருநள்ளாற்றில் ஒரு மிட்டாய்க் கடைக்கு விளம்பரம் எடுத்தார் பாருங்கள்! பாதி திறந்த ஷட்டர், தரையோடு தரையாக ஊர்ந்து போகும் கேமரா, கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் எண்ணெய், எங்கோ ஒரு கதவு கிறீச். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் பாய், நான் பூந்தி விக்கிறேனா, ஆளத் தீத்துக்கட்டுறேனா?"

"காட்டாம இருக்கறதுதாங்க வித்தை! இடத்தக் காட்டணும், வரப்போறத ஒளிச்சு வைக்கணும். பாக்குறவனுக்கு வயித்தக் கலக்கணும்."

"மிட்டாய்க் கடையில வயித்தக் கலக்குனா எவன் பாய் வருவான்?"

கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் ஒரு ஜோடியைப் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்தார். "எவனோ நம்ம புள்ளைங்கள நோட்டம் பாக்குறான்" என்று வீடியோவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா அலறி, இருவருக்கும் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

இத்தனையும் தெரிந்தும் என் தங்கை கல்யாணத்துக்கு அவரையே அமர்த்தினேன். கொழுப்பு, வேறென்ன! அப்போது எங்கள் வீட்டில் நிஜமான திகில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு துபாய்க்குப் போன அண்ணன், நான்கு வருஷமாக அவரோடு பேசவில்லை. "அவன் பேச்ச எடுக்காதீங்க" என்பது அப்பாவின் உத்தரவு. கல்யாணத்துக்காவது வந்துவிடு என்று அம்மா போனில் கெஞ்சிப் பார்த்தாள். அவன் வரவில்லை. "வீடியோவ அனுப்பு, பாத்துக்கறேன்" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

பென்டிரைவோடு பாயே வீட்டுக்கு வந்தார். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மண்டபத்தின் காலி நடை. வரிசையாகச் செருப்புகள். திரை முழுக்க நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னம். கெட்டிமேளம் முழங்கியதும் கேமரா மணமக்களை விட்டு மெல்ல நகர்ந்தது.

"ஐயோ, தாலி எங்க பாய்?" என்றாள் தங்கை.

"பொறுமையா பாரும்மா."

மேடையில் நின்ற அப்பாவின் முகத்துக்கு மிக அருகே போய் நின்றது கேமரா. அத்தனை பேரும் தாலியைப் பார்க்க, அவர் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஷாட், மண்டபத்து வாசல். அங்கே யாரும் இல்லை. கேமராவும் நகரவில்லை.

"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அப்பா எழுந்து போனார். தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கும் வழக்கம் அவருக்கு ஆயுளில் கிடையாது.

வீடியோவை அன்றே அண்ணனுக்கு அனுப்பினேன். பத்தாம் நாள் பையோடு வந்து நின்றான். "அந்த ஆளு எவ்வளவு நேரம்டா அந்த வாசலையே காட்டுவாரு! தாங்க முடியலடா" என்றான். அதற்குள் அப்பா உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"சாப்டியா?" என்றார். அவ்வளவுதான்.

தங்கை இன்னும் பாயைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அடுத்த வாரம் நெடுங்காட்டில் என் மகளுக்குக் காதுகுத்து. பாயிடம்தான் சொல்லியிருக்கிறேன். காது படத்தில் வராது என்று மனைவியிடமும் இப்போதே சொல்லிவிட்டேன்.