பக்கெட்டாரின் வெள்ள ஆய்வு

பருவநிலை அபாயத்தைப் பிளாஸ்டிக் பக்கெட்டால் அளந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அமீர்பேட்டில் எங்கள் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர். சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயர் பக்கெட்டார்.

பாலிசி கொடுக்குமுன் தொழிற்சாலைக்குப் போய், பெருமழை வந்தால் என்ன ஆகும் என்று அறிக்கை எழுதுவது அவர் வேலை. விதிகளைக் காப்பது என் வேலை. மற்ற ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து எழுதுவார்கள். இவர் வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றி, அதன் பின்னாலேயே குனிந்தபடி நடப்பார்.

“மேப்ல பச்சைன்னுதானே போட்டிருக்கு?” என்பேன்.

“தண்ணிக்குக் கலரு தெரியுமாவே?” என்பார், திருநெல்வேலிக்காரர்.

கல்யாணப் பந்தியில்கூட டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, சாம்பார் ஓடிவராத பக்கமாக இடம் மாறி உட்கார்ந்தவர்.

ஒருமுறை மல்லாபூரில் பரிமளா அம்மாவின் அட்டைப்பெட்டி ஷெட்டுக்குப் போனார். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததில், வாசல் பள்ளமாகிவிட்டிருந்தது. ஊற்றிய தண்ணீர் நேராகக் காகித உருளைகளிடம் போய் நின்றது. ‘அபாயம் அதிகம்’ என்று எழுதினார்.

“நக்கோ சார், வேணாம்! அப்படி எழுதினா பாலிசி வராது. பாலிசி இல்லேன்னா மருந்து கம்பெனி ஆர்டர் போயிடும். இருபது பேர் சோறு சார்!” என்றார் அந்த அம்மா.

“எழுதினதை மாத்த மாட்டேம்மா. வாசலை மாத்துவோம், வாங்க.”

மூன்று நாள் அலுவலகம் வரவில்லை. செங்கல் அடுக்கி வாசலை உயர்த்தி, பக்கவாட்டில் கால்வாய் வெட்டி, உருளைகளைப் பலகை மேல் ஏற்றி, ஊற்றி ஊற்றிப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்காமல் கால்வாய்க்குத் திரும்பியது. புது அறிக்கை எழுதினார். பாலிசி வந்தது.

விஷயம் மேலதிகாரிக்கும் வந்தது. ஆய்வாளர் ஆயலாமே தவிர, வாடிக்கையாளருக்குச் செங்கல் சுமக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான். ஓய்வு பெற எட்டே மாதம் இருக்கும்போது பக்கெட்டார் மேல் ஒழுங்கு நடவடிக்கை. கோப்பு என் மேசைக்கு வந்தது. நிரூபணமானால் ஓய்வூதியம் போய்விடும்.

“என்னவே செய்யப் போறீரு?” என்று கேட்டார். பக்கெட்டார் குரல் இறங்கி அன்றுதான் கேட்டேன்.

“விதிப்படி என்னவோ அதான்,” என்றேன்.

அதையே செய்தேன். இணைப்பு இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பினேன். இணைப்பு வந்ததும், தொழிலாளிகளின் தெலுங்கு வாக்குமூலங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்டேன். அதுவும் வந்தது. செங்கல் தூக்கியது வேலை நேரத்திலா, மதிய உணவு இடைவேளையிலா என்று விளக்கம் கேட்டேன். விளக்கம் வருவதற்குள் எட்டு மாதம் ஓடி, ஓய்வூதியத்தோடு அவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டோம்.

என் மேசையில் எத்தனையோ கோப்புகள் தூங்கியிருக்கின்றன. நானே தாலாட்டித் தூங்கவைத்தது அது ஒன்றைத்தான்.